அழிக்க மறுத்த கணினி

உங்கள் வீட்டிலும் ஒரு மடிக்கணினி இருக்கக்கூடும். பிள்ளையின் படிப்புக்காகக் கூட்டுப் பணம் எடுத்து வாங்கியதாக இருக்கலாம். நகரத்தில் வேலை செய்யும் மகன் கொடுத்துவிட்டுப் போன பழையதாகவும் இருக்கலாம். அதற்குள் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? பிள்ளையின் பாடங்கள், மகளின் திருமணப் படங்கள், இடித்துத் தள்ளப்பட்ட லயத்து வீட்டின் படம், மறைந்துபோன தாத்தாவின் குரல். ஒரு காலத்தில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தவை எல்லாம் இன்று அந்தத் தட்டைப் பெட்டிக்குள் குடியேறிவிட்டன, அல்லவா?

அந்தப் பெட்டி ஒரு நாள், "இந்தக் கோப்புறையை அழிக்க முடியாது. இதன் பாதை மிக நீளம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? எனக்கு அப்படிச் சொன்னது. கோபம் வந்தது. பிறகு அதே கணினிக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்திரமாக வைத்த கதை

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2017ஆம் ஆண்டில் என் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தோட்டத்தில் உள்ள முதியவர்களிடம் சென்று, அவர்கள் சொல்லும் பழைய கதைகளையும் பாட்டுகளையும் கைப்பேசியில் பதிவு செய்து வரவேண்டும். பிள்ளைகள் உற்சாகமாகச் சென்றார்கள். அவர்கள் கொண்டுவந்தவற்றில் ஒரு பாட்டியின் குரல் இருந்தது. அந்தப் பாட்டி அக்காலத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். விடிகாலைப் பெரட்டுக்கு ஓடும் தாய்மார்கள், தூக்கம் கலையாத குழந்தைகளை அவர் மடியில் போட்டுவிட்டுப் போவார்களாம். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் அவருடைய தாலாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். என் மாணவன் ஒருவன் அந்தத் தாலாட்டைப் பதிவு செய்திருந்தான். பாட்டி 2021இல் காலமாகிவிட்டார்.

பதிவுகளை எல்லாம் ஒரு கோப்புறையில் போட்டு வைத்தேன். அடுத்த அரையாண்டில் புதிய பதிவுகள் வந்தன. புதிதாக ஒரு கோப்புறை செய்து, பழைய கோப்புறையை அதன் உள்ளே "பத்திரமாக" நகர்த்தினேன். அதற்கடுத்த அரையாண்டிலும் அப்படியே செய்தேன். சட்டிக்குள் சட்டி அடுக்கியதுபோல் 2023ஆம் ஆண்டுக்குள் பன்னிரண்டு அடுக்காகிவிட்டது. எது மிகப் பழையதோ அது மிக ஆழத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பாட்டியின் குரல் இருந்தது பன்னிரண்டாவது அடுக்கில்.

பிறகு கணினியில் இடம் நிறைந்துவிட்டது. வெளியில் செருகும் ஹார்ட்டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்தேன். நகலெடுக்கும்போது நடுவில் ஒரு செய்தி வந்தது. பாதை நீளம், தவிர்க்கவா என்று கேட்டது. அவசரத்தில் "எல்லாவற்றுக்கும் இதையே செய்" என்ற கட்டத்தில் ஒரு குறியிட்டுத் "தவிர்" என்று அழுத்தினேன். நகல் முடிந்தது. நகல்தான் எடுத்தாயிற்றே என்று கணினியில் இருந்ததை அழிக்கப் போனேன். அப்போதுதான் அது அழிய மறுத்தது.

"ஃபார்மெட்" என்ற ஒரு சொல்

நகரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்மெட் செய்துவிடலாம் டீச்சர், நூறு வெள்ளி" என்றார். ஃபார்மெட் என்றால் வீட்டில் ஓர் அறை திறக்கவில்லை என்பதற்காக வீட்டையே காலி செய்வது. உள்ளே இருப்பவை எல்லாம் போய்விடும். "வேண்டியதைக் காப்பி எடுத்துவிட்டீர்கள் அல்லவா?" என்று கேட்டார். "எடுத்துவிட்டேன்" என்றுதான் சொன்னேன். ஆனாலும் ஏனோ மனம் ஒப்பவில்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லிக் கணினியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசகர்களே, இந்த இடத்தில் நீங்களும் ஒரு கணம் நில்லுங்கள். ஃபார்மெட் என்ற சொல் காதில் விழுந்தால், உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

அக்காள் வீட்டு விலாசம்

அந்தப் பள்ளி விடுமுறையில் பினாங்குக்குச் சென்றேன். என் அக்காள் வீடு டத்தோ கிராமாட்டில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி அக்கரை சேர்ந்து, பஸ் பிடித்துக் கொம்தாரில் இறங்கினால், டத்தோ கிராமாட் சாலைக்கு நடந்தே போய்விடலாம்.

பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கிய 1972இலேயே இன்டெல் போன்ற நிறுவனங்கள் அங்கே வந்துவிட்டன. எண்பதுகளில் தோட்டத்தை விட்டுச் சென்ற எத்தனையோ பெண்களைப்போல் என் அக்காளும் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். இப்போது அவருடைய மகளும் அதே வட்டாரத்தில்தான் தொழில்நுட்ப வேலை செய்கிறாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணினியை அவள் முன்னால் வைத்தேன்.

"சித்தி, நம்ம வீட்டு விலாசத்த முழுசா சொல்லுங்க" என்றாள். மலேசியா, பினாங்கு, ஜார்ஜ் டவுன், டத்தோ கிராமாட் சாலை, சந்து, அடுக்குமாடி, எந்த மாடி, எந்தக் கதவு என்று வரிசையாகச் சொன்னேன். "கணினியும் அப்படித்தான் சித்தி. ஒவ்வொரு கோப்புக்கும் வாசலிலிருந்து கடைசி அறை வரைக்கும் முழு விலாசம் வேணும். அதுக்குப் பேருதான் பாதை. உறை மேல எழுத இடம் குறைவா இருந்து, விலாசம் நீளமா இருந்தா, கடிதம் போய்ச் சேருமா? வீடு நல்லாத்தான் இருக்கும். விலாசம் எழுதத்தான் இடம் இருக்காது."

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. என் கோப்புறை கெட்டுப்போகவில்லை. கிருமியும் புகவில்லை. அதை அழைக்கும் பெயர்தான் நீண்டுவிட்டது.

260 என்ற வேலி

விண்டோஸ் கணினிகளில் இந்த விலாசத்துக்கு நெடுங்காலமாக ஓர் எல்லை இருந்து வருகிறது. டிரைவின் எழுத்து, சாய்கோடுகள், கோப்பின் பெயர், கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிவுக்குறி எல்லாம் சேர்த்து 260 குறிகள். 1981இல் வந்த டாஸ் காலத்தில் ஒரு கோப்பின் பெயரே எட்டு எழுத்தும், புள்ளிக்குப் பின் மூன்று எழுத்தும்தான். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது ஒரு பெயர் 255 குறிகள் வரை இருக்கலாம் என்றார்கள். ஆனால் முழு விலாசத்துக்கான 260 அப்படியே நின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோப்புகளைத் தட்டில் அடுக்கி வைக்கும் என்.டி.எஃப்.எஸ். என்ற அமைப்புக்கு ஏறக்குறைய 32,000 குறிகள் உள்ள பாதையைத் தாங்கும் வலு இருக்கிறது. அதாவது நிலம் பெரியது. அதன்மேல் ஓடும் பழைய செயலிகள்தாம் 260 குறிகளோடு நின்றுவிடுகின்றன. 2016இல் விண்டோஸ் 10இல் இந்த வேலியைத் தளர்த்த ஒரு வசதி கொடுத்தார்கள். அதை நாம் இயக்கி வைக்கவேண்டும்; செயலியும் அதற்கு ஏற்றாற்போல் எழுதப்பட்டிருக்கவேண்டும். நாம் அன்றாடம் கோப்புறைகளைத் திறந்து பார்க்கும் சாளரம் அதன் பிறகும் நீண்ட பாதைகளில் தடுமாறுகிறது.

அப்படியானால் 260ஐத் தாண்டிய கோப்புறையை நான் எப்படி உண்டாக்கினேன்? இதைத்தான் நானும் கேட்டேன். ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்புறையை இன்னொன்றின் உள்ளே நகர்த்தும்போது, கணினி உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெளிக்கதவின் விலாசத்தை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்கிறது. உள்ளே இருப்பவற்றின் விலாசங்கள் சத்தமில்லாமல் நீண்டுவிடுகின்றன. மேல் கோப்புறைக்கு நீண்ட பெயர் சூட்டினாலும் இதே கதைதான். நகலெடுக்கவோ அழிக்கவோ போகும்போதுதான் ஒவ்வொன்றையும் தொடவேண்டியிருக்கிறது. அப்போது குட்டு வெளிப்படுகிறது.

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் வரும் தொல்லையும் அல்ல. நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் என்.பி.எம். என்ற கருவி, ஒரு பொட்டலத்துக்குள் இன்னொரு பொட்டலம் என்று அடுக்கிக்கொண்டே போய், விண்டோஸ் கணினிகளில் அழிக்க முடியாத கோப்புறைகளை உண்டாக்கி வந்தது. 2015இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில்தான், முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே தளத்தில் பரப்பி வைக்கும் முறைக்கு மாறினார்கள்.

தமிழுக்கு இடம் சீக்கிரம் தீர்வது ஏன்?

இது நாம் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நாம் "கோ" என்பதை ஓர் எழுத்து என்கிறோம். கணினி அதை "க" ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. "ப்" என்றால் "ப" ஒன்று, புள்ளி ஒன்று. யூனிகோடு முறையில் தமிழ் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

"புதிய கோப்புறை" என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்குப் பதின்மூன்று, நடுவிலுள்ள வெற்றிடத்தோடு பதினான்கு. என் கோப்புறைகளுக்கு நான் வைத்த பெயர் "தோட்டத்து முதியோர் குரல் பதிவு" என்பது போன்றது. நமக்குப் பதினைந்து எழுத்து. கணினிக்கு வெற்றிடங்களோடு முப்பது. அடுக்குக்கு ஒரு சாய்கோடு சேர்ந்தால் முப்பத்தொன்று. பன்னிரண்டு அடுக்குக்கு 372! ஏழெட்டு அடுக்கிலேயே வேலி வந்துவிட்டது.

கைப்பேசியிலும் இதுபோல் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பொதுவாக ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகவே தமிழில் 85 குறிகள்தாம். இதற்காகத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். சுருக்கமாக வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அழிப்பதற்கு முன்

நான் விளக்கம் கேட்டு முடித்ததும், அக்காள் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"சித்தி, ஹார்ட்டிஸ்க்குல காப்பி எடுத்தப்போ இதே மாதிரி செய்தி வந்துச்சா?"

"வந்தது. தவிர் என்று அழுத்தினேன்."

"எத்தன தடவ?"

"எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவை."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஹார்ட்டிஸ்க்கைச் செருகி அடுக்கடுக்காகத் திறந்துகொண்டே போனாள். சில அடுக்குகளுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பாட்டியின் குரல் இருந்த அடுக்கு அங்கே வந்து சேரவே இல்லை.

வாசகர்களே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எந்தக் காரணத்தால் கணினி அழிக்க மறுக்கிறதோ, அதே காரணத்தால் நகலெடுக்கவும் மறுத்திருக்கும். ஆகவே "பாதை நீளம்" என்று ஒரு கோப்புறை அழிய மறுத்தால், உங்கள் நகலும் முழுமையாக இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் "காப்பி எடுத்துவிட்டேன்" என்று நான் சொன்னது பொய் அல்ல, அறியாமை. அந்த அறியாமையால் ஒரு தோட்டத்தின் தாலாட்டு அன்றைக்கே போயிருக்கும்.

அவள் செய்தது மிக எளிய காரியம். மேலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கோப்புறையின் பெயரையும் 1, 2, 3 என்று ஒற்றை எண்ணாக மாற்றிக்கொண்டே வந்தாள். எட்டுப் பெயர்களைக் குறுக்கியதுமே 372 என்பது 140 ஆயிற்று. பூட்டிக் கிடந்த அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசி அறையில் அந்தப் பதிவு இருந்தது. அழுத்தினாள். அடுப்படியில் இருந்த என் அக்காள், கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். அவரையும் வளர்த்த கொட்டகை அல்லவா! மூவரும் பேசாமல் உட்கார்ந்து கடைசிவரை கேட்டோம்.

அழிக்கும் வழிகள்

நகல் முழுமையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தாராளமாக அழிக்கலாம். வழிகளை எளிதானதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, பெயரைக் குறுக்குவது. மேலே சொன்னபடி மேல் அடுக்கிலிருந்து பெயர்களை ஓர் எழுத்தாகவோ ஓர் எண்ணாகவோ மாற்றுங்கள். விலாசம் 260க்குள் வந்துவிட்டால், வழக்கம்போலவே அழித்துவிடலாம். வேறு எந்தக் கருவியும் தேவையில்லை.

இரண்டாவது வழி, மேலே தூக்கி வைப்பது. போக முடிந்த ஆழம் வரை போய், அங்கிருக்கும் கோப்புறையை வெட்டி எடுத்து, அதே டிரைவின் வாசலிலேயே ஒட்டிவிடுங்கள். நீண்ட சங்கிலி இரண்டு குட்டைச் சங்கிலிகளாகிவிடும்.

மூன்றாவது வழி, நடுவழியில் புது வாசல் வைப்பது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதும் இடத்தில் "சப்ஸ்ட்" என்று ஒரு கட்டளை உண்டு. ஆழத்தில் இருக்கும் ஒரு கோப்புறைக்குப் புதிய டிரைவ் எழுத்து ஒன்றை அது தற்காலிகமாகக் கொடுக்கும். டத்தோ கிராமாட் சாலையிலேயே நின்றுகொண்டு வீடு தேடுகிறவனுக்கு மலேசியா, பினாங்கு என்று தொடங்கிச் சொல்லத் தேவையில்லை அல்லவா? மாடியும் கதவும் சொன்னால் போதும். அதுபோலத்தான் இதுவும்.

நான்காவது வழி, செவன் சிப் என்ற இலவசச் செயலி. அதன் கோப்புச் சாளரம் நீண்ட பாதைகளைக் கண்டு அஞ்சுவதில்லை. கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி டெலிட் விசையைத் தட்டினால் அழித்துவிடும்.

ஐந்தாவது வழி, நூற்றுக்கணக்கான அடுக்குகளுக்கு. நகலெடுக்கும் செயலி ஏதேனும் தன் நகலுக்குள்ளேயே தன்னை நகலெடுத்துக்கொண்டே போய்விட்டால், பெயர்களைக் கையால் மாற்ற முடியாது. அதற்கு விண்டோஸிலேயே "ரோபோகாப்பி" என்ற கட்டளை இருக்கிறது. 2007இல் வெளிவந்த விஸ்டாவிலிருந்து அது கணினியோடு சேர்ந்தே வருகிறது. நீண்ட பாதைகள் அதற்குப் பொருட்டல்ல. காலியான கோப்புறை ஒன்றை உண்டாக்குங்கள். கட்டளையில் முதலில் அந்தக் காலிக் கோப்புறையையும், இரண்டாவதாக அழிய வேண்டிய கோப்புறையையும், கடைசியில் ஒரு சாய்கோட்டோடு எம், ஐ, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் எழுதவேண்டும். "இதைக் கண்ணாடிபோல் அதில் காட்டு" என்பது பொருள். காலியைக் கண்ணாடியில் காட்டினால் அதுவும் காலியாகிவிடும்! இதே ரோபோகாப்பியைக் கொண்டு நீண்ட பாதைகளை முழுமையாக நகலெடுக்கவும் முடியும். முதலில் நகலுக்கு, பிறகு அழிப்பதற்கு என்று வரிசையை நினைவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கடைசி இரண்டு வழிகளிலும் அழிந்தவை குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. மீட்டு எடுக்கலாம் என்று நம்பியிருக்க முடியாது. ரோபோகாப்பியில் இரண்டாவதாக எழுதும் பெயர் தவறினால், தவறாக எழுதிய கோப்புறை காலியாகும். ஆகவே பொத்தானைத் தட்டுவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

இனி வராமல் இருக்க

பெட்டிக்குள் பெட்டியாக அடுக்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2017 என்று ஒரு கோப்புறை, 2018 என்று இன்னொன்று. மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். பெயர் குறுகியதாக இருக்கட்டும். "பாட்டி தாலாட்டு" என்றாலே போதும். யார், எந்தத் தோட்டம், எந்த நாள், பதிவு செய்தது எந்தப் பிள்ளை என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து, அந்தக் கோப்புறையிலேயே போட்டுவிடுங்கள்.

நகலெடுத்தால், எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய கோப்பையும் மிக ஆழத்தில் இருக்கும் கோப்பையும் நகலிலிருந்தே திறந்து பாருங்கள். "தவிர்" என்ற பொத்தானைக் கண்டால் கையை எடுத்துவிட்டு, எதைத் தவிர்க்கச் சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். நகலை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

பாட்டியின் தாலாட்டு இப்போது என் ஹார்ட்டிஸ்க்கில் ஒன்று, அக்காள் வீட்டில் ஒன்று, அதைப் பதிவு செய்த மாணவனிடம் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கிறது. அவன் இன்று வளர்ந்த பிள்ளை. அனுப்பி வைத்த அன்று இரவே அழைத்து, "டீச்சர், என் தங்கச்சி குழந்தைக்கு இதைப் போட்டுக் காட்டினோம், தூங்கிட்டா" என்றான்.

நம் தோட்டங்கள் பல கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மிஞ்சியிருப்பவற்றில் பலவும் நம் பிள்ளைகளின் கணினியிலும் கைப்பேசியிலும்தான் இருக்கின்றன. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து, மிக ஆழத்தில் இருக்கும் கோப்புறை எது என்று பாருங்கள். அதற்குள் யாருடைய குரல் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பிறகு அழிப்பதைப் பற்றி யோசியுங்கள். செய்வீர்கள் அல்லவா?